அடிபட்டவரே ஆளுகிறார்

திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா. நவம்பர் இறுதியில் வரும் அந்த நாளில் நம் பங்குகள் பலவற்றில் நற்கருணைப் பவனி தெருவழியே போகும். "கிறிஸ்து அரசர் வாழ்க" என்று குரல் எழும். அதே தெருவில் சாவு விழுந்து மாதம்கூட ஆகாத வீடும் இருக்கும். வாசலில் மெழுகுவத்தி ஏற்றி நிற்கும் அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு கேள்வி உண்டு. வாய்விட்டுக் கேட்கத்தான் தயக்கம். ஆளுகிறவர் அவர் என்றால் இதைத் தடுத்திருக்கலாமே? தடுக்க முடியவில்லை என்றால் அவர் என்ன அரசர்? முடிந்தும் தடுக்கவில்லை என்றால் அவரிடம் எப்படி ஆறுதல் தேடுவது?

நம்பிக்கையற்றவர்கள் கேட்கும் கேள்வி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. செபிக்கிறவர்கள்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு நாம் சட்டென்று எடுத்துக் கொடுக்கும் பதில்கள் பெரும்பாலும் இரண்டு. விசுவாசம் உறுதியாக இருந்தால் அரசர் காப்பார், ஆகவே உன் விசுவாசத்தில்தான் எங்கோ குறை என்பது ஒன்று. இந்த உலகம் இப்படித்தான், அவருடைய ஆட்சியெல்லாம் மோட்சத்தில், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்பது மற்றொன்று. முதல் பதில் அடிபட்டவரை மறுபடி அடிக்கிறது. இரண்டாவது, கிறிஸ்துவை நாடு இழந்த அரசராக்கிவிடுகிறது. விவிலியமும் தொடக்கத் திருஅவையும் சொன்னது வேறு. அதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கிறிஸ்துவின் அரசுரிமையை மிக ஓங்கிச் சொல்லும் நூல் திருவெளிப்பாடு. அதை எழுதிய யோவான் அப்போது இருந்த இடம் பத்மு. ஏஜியன் கடலில், இன்றைய துருக்கிக் கரைக்கு எதிரே கிடக்கும் சிறிய பாறைத் தீவு. கிறிஸ்துவுக்குச் சாட்சி சொன்னதற்காக அவர் அங்கே இருக்க நேர்ந்தது. வாசகர்களுக்குத் தம்மை அறிமுகப்படுத்தும்போது, அவர்கள் படும் துன்பத்திலும், அவர்களுக்குக் கிடைத்த அரசிலும், அவர்கள் காட்டும் பொறுமையிலும் தமக்குப் பங்கு உண்டு என்கிறார். அரசு நடுவில் நிற்கிறது. ஒரு பக்கம் துன்பம், மறுபக்கம் பொறுமை. துன்பம் தீர்ந்த பிறகு அரசு தொடங்கும் என்று அவர் எழுதவில்லை. மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே மனிதருக்கு நடந்துகொண்டிருக்கின்றன. இங்கே சொல்ல வருவதெல்லாம் அந்த ஒரு வரிசைக்குள் அடங்கும்.

அந்த நூல் போய்ச் சேர்ந்த ஏழு சபைகளில் சிமிர்னா ஒன்று. இன்றைய இஸ்மிர் நகரம். ரோமுக்கு மிகவும் வேண்டிய ஊர் என்பதில் அதற்குப் பெருமை அதிகம். கி.மு. 195இலேயே ரோமைத் தெய்வமாக்கிக் கோயில் கட்டிய ஊர். பிறகு திபேரியுப் பேரரசருக்குக் கோயில் கட்டும் உரிமைக்காக ஆசிய மாநிலத்தின் 11 நகரங்கள் போட்டியிட்டபோது, கி.பி. 26இல் அந்த உரிமை சிமிர்னாவுக்கே கிடைத்தது. இப்படிப்பட்ட ஊரில் பேரரசர் வழிபாடு கோயிலோடு நிற்கவில்லை. ஊர்த் திருவிழா, தொழிலாளர் சங்கம், விருந்து, கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றோடும் பின்னிக் கிடந்தது. பேரரசரின் உருவத்துக்கு முன் ஒரு சிட்டிகை சாம்பிராணி போடுவதும் அவரை ஆண்டவர் என்பதும் ஊராருக்குச் சாதாரணக் காரியம். கிறிஸ்தவர்களால் அதைச் செய்ய முடியவில்லை. கி.பி. 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில் தாம் விசாரணை நடத்தும் முறையைச் சொல்கிறார்: சிலைக்கு முன் சாம்பிராணியும் திராட்சை இரசமும் படைத்து, கிறிஸ்துவைப் பழித்துப் பேசினால் விடுதலை, கிறிஸ்தவன்தான் என்று கடைசிவரை சாதித்தால் மரணம்.

சிமிர்னாச் சபைக்குக் கிறிஸ்து அனுப்பும் செய்தி மிகவும் சுருக்கமானது. தாம் செத்துப் பிழைத்தவர் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். அவர்களுடைய துன்பமும் வறுமையும் தமக்குத் தெரியும் என்கிறார். இனி வரப்போவதற்குப் பயப்பட வேண்டாம் என்கிறார். வராமல் தடுப்பேன் என்று சொல்லவில்லை. வரும் என்றே சொல்கிறார். சிலர் சிறைக்குப் போவார்கள், அந்தச் சோதனை பத்து நாள் இருக்கும். அந்தப் பத்து நாள் கணக்கைப் பற்றி அறிஞர்களுக்குள் பல கருத்துகள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தக் கணக்கை விதிப்பவர் யார் என்பதுதான். சிறையில் தள்ளுகிறவன் அதை விதிக்கவில்லை. அவனுக்குத் தெரியாமலே அவன் செய்வதற்கு ஓர் எல்லைக்கோடு போடப்பட்டிருக்கிறது. அந்த எல்லை எல்லாருக்கும் விடுதலையாக முடியும் என்றும் செய்தி சொல்லவில்லை. சாவுவரை உண்மையாக இருக்கச் சொல்லி, வாழ்வை முடியாகத் தருவதாக வாக்களிக்கிறது. சாவுக்கு அப்பாலும் அதிகாரம் உள்ளவர் மட்டுமே கொடுக்கக்கூடிய வாக்கு அது.

இந்தச் செய்தி வந்து இரண்டு தலைமுறை கழித்து, கி.பி. 155ஐ ஒட்டிய ஆண்டுகளில், அதே சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப் கைதானார். அவர் இறந்த விதத்தைச் சிமிர்னாச் சபையாரே பிலோமேலியம் ஊர்ச் சபைக்குக் கடிதமாக எழுதினார்கள். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொன்னார் அந்த முதியவர். ஒரு மணி நேரம் செபிக்க அனுமதி கேட்டு, இரண்டு மணி நேரம் நின்று செபித்தார். வண்டியில் ஏற்றிப் போன காவல் தலைவன் ஏரோதும் அவன் தந்தையும் தன்மையாகத்தான் பேசிப் பார்த்தார்கள்: சீசரை ஆண்டவர் என்று சொல்லிவிட்டால் என்ன கெட்டுப்போகும், உயிர் பிழைக்கலாமே? அவர் இணங்கவில்லை என்றதும் வண்டியிலிருந்து அவசரமாகத் தள்ளி இறக்கினார்கள். இறங்கும்போது முன்னங்காலில் தோல் உராய்ந்து காயமானது. ஒன்றும் நடக்காததுபோல அவர் விறுவிறுவென்று நடந்தார். கடிதம் எழுதியவர்கள் அந்தச் சிராய்ப்பைக்கூட விடாமல் குறித்திருக்கிறார்கள். தங்கள் ஆயரின் உடம்பில் பட்ட ஒவ்வோர் அடியும் அவர்களுக்குக் கணக்கு.

கிறிஸ்துவைப் பழித்தால் விட்டுவிடுகிறேன் என்றான் ஆளுநன். 86 ஆண்டுகளாக அவருக்குப் பணி செய்கிறேன், எனக்கு ஒரு தீங்கும் அவர் செய்யவில்லை, என்னை மீட்ட அரசரை நான் எப்படிப் பழிப்பேன் என்ற பொருளில் பதில் சொன்னார் பொலிகார்ப். அரசர் என்று அவர் சொன்ன இடத்தைக் கவனிக்க வேண்டும். சீசரின் பேரால் சத்தியம் செய்யச் சொல்லும் இடம் அது, மறுத்தால் நெருப்பு. அந்த நெருப்பிலிருந்து தம்மை அரசர் காப்பாற்றப்போவதாக அவர் சொல்லவில்லை. ஏற்கெனவே காப்பாற்றிவிட்டவர் என்றார். சற்று நேரத்தில் அவரை எரித்தார்கள்.

கடிதத்தின் முடிவில் நாள் குறிப்பு வருகிறது. மாதம், நாள், அப்போது தலைமைக் குருவாக இருந்தவர் திரால்லை ஊர் பிலிப்பு, ஆளுநர் குவத்ராத்து என்று வழக்கப்படி எழுதிக்கொண்டே போகிறார்கள். ஆண்டுகொண்டிருந்த பேரரசர் பெயர் வரக்கூடிய இடத்தில், என்றென்றும் ஆளுகிறவராக இயேசு கிறிஸ்துவின் பெயர். அந்தோனினு பயசின் பெயர் எங்கும் இல்லை. ஆயரைச் சுட்டெரித்த அரசாங்கம் அசையாமல் நிற்கிறது, ஆளுநன் பதவியில் இருக்கிறான், தோற்றது யார் என்று ஊருக்கே தெரியும். அந்த வேளையில், இழந்தவர்கள் தங்கள் கையால் எழுதிய தேதி அது. கிறிஸ்துவின் அரசுரிமை துன்புறுகிறவர்களுக்கு என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால், நான் முதலில் அந்த நாள் குறிப்பைத்தான் காட்டுவேன்.

அதே கடிதத்தில் குயிந்து என்ற ஒருவரைப் பற்றியும் வருகிறது. தாமாகவே முன்வந்து சாகத் தயார் என்று நின்றவர், காட்டு விலங்குகளைக் கண்டதும் பின்வாங்கினார். தாமாகப் போய் ஒப்புக்கொடுப்பவர்களை நாங்கள் பாராட்டுவதில்லை என்று சபையார் வெளிப்படையாகவே எழுதுகிறார்கள். பொலிகார்ப்கூட முதலில் ஊருக்கு வெளியே ஒதுங்கி இருந்தவர்தான். துன்பம் தானாகவே புனிதமானது, அதைத் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. அடிக்கிற கணவனிடம் பொறுத்துப் போ, அரசரும் அடிபட்டார் என்று ஒரு பெண்ணிடம் சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

இனி, இவர் எப்படிப்பட்ட அரசர் என்ற கேள்வி. பிலாத்துவின் அரண்மனையில் இதற்கான விசாரணையே நடந்தது. நீ அரசனா என்று பிலாத்து கேட்டான். இயேசு மறுக்கவில்லை, தமது ஆட்சி இந்த உலகைச் சார்ந்ததன்று, சார்ந்திருந்தால் தம் ஆட்கள் போராடியிருப்பார்கள் என்றார். படைவீரர்கள் கேலிக்காக முள்ளை முடியாக்கினார்கள், செந்நிற ஆடை போர்த்தினார்கள், அரசே வாழ்க என்று கன்னத்தில் அறைந்தார்கள். சிலுவையின் மேல் பிலாத்து எழுதி வைத்த குற்றப் பலகை எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என மூன்று மொழிகளிலும் அவரை அரசர் என்றது. எழுதியவனுக்கு அது ஏளனம். நற்செய்தியாளருக்கு அதுதான் முடிசூட்டு விழா. திருவெளிப்பாட்டில் யோவானுக்கு, யூதா குலத்துச் சிங்கம் வென்றுவிட்டது என்று அறிவிக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் அங்கே நிற்பது ஆட்டுக்குட்டி, அதுவும் கொல்லப்பட்ட கோலத்தில். அரியணைக்குப் போன பிறகும் காயங்கள் மறையவில்லை. உயிர்த்த பின் தோமாவுக்குக் காட்டியதும் அந்தக் காயங்களைத்தான்.

ஆறுதலின் வேர் இங்கே இருக்கிறது. நம் மேல் அதிகாரம் உள்ளவர்கள் பெரும்பாலும் நம் வலியை அறியாதவர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு மனு கொடுக்க நின்றவர்கள் அனைவருக்கும் அது தெரியும். எதையும் முடிவு செய்யும் அதிகாரம் உள்ளவரே கசையடியும் பொய்ச்சாட்சியும் நண்பர்கள் ஓடிப்போனதும் அனுபவித்தவர் என்றால், அவரிடம் போவது வேறு விதமாக இருக்கும். அடித்தவர்களுக்குத் தீர்ப்பு எழுதும் உரிமை அடிபட்ட அந்தக் கைகளில் இருக்கிறது. தீர்ப்பு உண்டு என்பதைப் பயமுறுத்தலாக மட்டுமே பிரசங்கித்துப் பழகிவிட்டோம். கொலையுண்டவரின் குடும்பத்துக்கு அது முதலில் ஆறுதல்.

ஆனாலும் அந்தத் தீர்ப்பு ஏன் தாமதிக்கிறது? இதற்கு விவிலியம் முழு விளக்கம் தருவதில்லை. தருவதாக நாம் நடிக்கவும் கூடாது. அது வேறொன்றைத் தருகிறது. திருவெளிப்பாட்டின் ஆறாம் அதிகாரத்தில், கொல்லப்பட்டவர்களின் ஆன்மாக்கள் பலிபீடத்தின் அடியிலிருந்து உரத்த குரலில், இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்கின்றன. விண்ணகத்திலேயே கேட்கிறார்கள், மறைசாட்சிகளே கேட்கிறார்கள். யாரும் அவர்களை அதட்டவில்லை, விசுவாசக் குறைவு என்று சொல்லவில்லை. ஆளுக்கொரு வெண்ணாடை கொடுத்து, இன்னும் சிறிது காலம் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். காரணம் கேட்டவர்களுக்கு ஆடை கிடைத்தது. முதல் வாசிப்பில் இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் குற்றவாளிகள் என்று தீர்ப்பெழுதி, பெயரைக் கெடுத்து, உடையை உருவிக் கொல்லப்பட்டவர்கள் அவர்கள். வெண்ணாடை அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போடுகிறது. உலகம் அறியும் முன்பே அரசரின் அவையில் அவர்களுடைய வழக்கு தீர்ந்துவிட்டது. உலகத்துக்குத் தெரிவதுதான் பாக்கி. அந்த இடைக்காலத்தில்தான் நாமும் இருக்கிறோம். இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்பது அரசருக்கு எதிரான கலகம் ஆகாது. அவர் ஆளுகிறார் என்று நம்புகிறவர்தான் அவரிடம் முறையிட முடியும்.

பெருவிழாவின் வரலாறும் இதை ஒட்டியதே. திருத்தந்தை பதினோராம் பயஸ் 1925 டிசம்பர் 11 அன்று வெளியிட்ட குவாஸ் பிரீமாஸ் என்ற சுற்றுமடல் இந்த விழாவை ஏற்படுத்தியது. முதல் உலகப் போரில் ரஷ்ய, ஜெர்மானிய, ஆஸ்திரிய, உதுமானியப் பேரரசுகள் சரிந்திருந்தன. இத்தாலியில் முசோலினி எதிர்ப்பாளர்களை அடக்கிக்கொண்டிருந்தார். மனிதர்கள் முழு உரிமை கொண்டாடும் தலைவர்களைத் தேடிய காலத்தில், அந்த உரிமை ஒருவருக்கு மட்டுமே என்று திருத்தந்தை சொன்னார். அடுத்த ஆண்டே மெக்சிகோவில் அது சோதனைக்கு வந்தது. பிளுத்தார்க்கோ காய்யேஸ் அரசு திருஅவைக்கு எதிரான சட்டங்களைக் கடுமையாக்க, 1926 ஜூலை 31 அன்று ஆயர்கள் பொது வழிபாட்டை நிறுத்தினார்கள். இயேசு சபைக் குரு மிகுவேல் புரோ 1925இல் பெல்ஜியத்தில் குருத்துவம் பெற்று, 1926இல் நாடு திரும்பியிருந்தார். வேடம் மாற்றிக்கொண்டு வீடு வீடாக நற்கருணை கொண்டுபோனார். ஒரு கொலை முயற்சியில் தொடர்பு என்று குற்றம் சுமத்தி, விசாரணையே இல்லாமல் 1927 நவம்பர் 23 அன்று மெக்சிகோ நகரில் சுட்டார்கள். கண்ணைக் கட்ட வேண்டாம் என்றார். சிலுவைபோலக் கைகளை விரித்து நின்று "கிறிஸ்து அரசர் வாழ்க" என்றார். பார்ப்பவர்கள் அஞ்சட்டும் என்று அரசு எடுக்க வைத்த புகைப்படங்கள், கடைசியில் பக்தர்களின் வீடுகளில் போய்ச் சேர்ந்தன. 1988இல் அவர் அருளாளர் ஆனார்.

அதே முழக்கத்தோடு மெக்சிகோவில் பலர் துப்பாக்கி ஏந்தி மூன்று ஆண்டுகள் போரிட்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. அவர்களுடைய வேதனை உண்மையானது. என் மனம் போகும் பக்கம் புரோவின் பக்கம். பிலாத்துவிடம் இயேசு சொன்ன பதிலுக்கு அந்த விரித்த கைகள்தான் நெருங்கி வருகின்றன.

நமக்கு அருகிலும் பார்க்கலாம். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், இவற்றோடு கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் பலியானவர்களில் பலர் ஞாயிறு பள்ளி முடித்து வந்த பிள்ளைகள். கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த இயேசுவின் சுரூபத்தின் மேல் மக்களின் இரத்தம் தெறித்திருந்தது. அந்தக் குடும்பங்களிடம் அரசரின் ஆட்சியைப் பற்றிப் பேசுவதானால், நீதியைப் பற்றியும் பேச வேண்டும். அவர்களும் இலங்கைத் திருஅவையும் நீதிமன்றம் போனார்கள். முன்னெச்சரிக்கை வந்தும் தடுக்கத் தவறியதற்காக, 2023 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. வேறு அதிகாரிகளும் கொடுக்க வேண்டும் என்றது. கடைசித் தீர்ப்பு கிறிஸ்துவிடம் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இங்குள்ள நீதிமன்றத்தை விட்டுவிட வேண்டியதில்லை. நாட்டை ஆளுகிறவர்களும் ஒருநாள் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள்தான் என்ற நம்பிக்கையே கேள்வி கேட்கத் துணிவு தருகிறது. மன்னிப்பதும் உண்மையைக் கேட்பதும் ஒரே வீட்டில் இருக்க முடியும்.

துன்புறுத்தப்பட்டவர்களுக்குச் சொன்னது நோயாளிக்கும் பொருந்துமா என்று கேட்பார்கள். பொருந்தும். பவுல் தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை மன்றாடினார். முள் போகவில்லை, கிறிஸ்துவின் அருள் அவருக்குப் போதும் என்ற பதில் வந்தது. குணமாக மன்றாடலாம், மருத்துவம் பார்க்கலாம், அழலாம். குணமாகவில்லை என்றால் அரசர் கைவிட்டார் என்றோ, விசுவாசம் பொய்த்தது என்றோ முடிவு கட்ட மட்டும் கூடாது.

பெருவிழாவுக்குத் திருஅவை தேர்ந்துகொண்ட நற்செய்தி வாசகங்கள் மூன்று. ஆண்டுக்கு ஒன்றாகச் சுழன்று வரும். ஒன்று மத்தேயு 25, அங்கே அரசர் பசித்தவரோடும் சிறைப்பட்டவரோடும் தம்மை ஒன்றாக்கிக்கொள்கிறார். ஒன்று பிலாத்துவின் விசாரணை. மற்றொன்று லூக்கா எழுதிய சிலுவைக் காட்சி. அதில் பக்கத்துச் சிலுவையில் தொங்கும் குற்றவாளி, ஆட்சியுரிமையோடு வரும்போது தன்னை நினைத்துக்கொள்ளும்படி இயேசுவிடம் கேட்கிறான். எந்த அடையாளமும் இல்லாத அந்த நேரத்தில் அவரை அரசராகக் கண்டவன் அவன் ஒருவன்தான். இறக்கிவிடும்படி அவன் கேட்கவில்லை. பேரின்ப வீட்டில் இன்றே தம்மோடு இருப்பான் என்று வாக்குக் கிடைத்தது. மாலைக்குள், யோவான் எழுதியபடி, படைவீரர்கள் வந்து அவன் கால்களை முறித்தார்கள். வாக்குக் கொடுத்தவர் அவனுக்கு முன்னே இறந்திருந்தார்.